பாட்டைக் கேட்டோம், பாடினவரைக் கண்டோமா?



இந்த மாதச் செய்தி ராக் இசைக்காரர்களைப் பற்றியது. "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையில் இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. நம் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சின்னக் கருவிக்குள் என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் எத்தனை நாளைக்குத்தான் அவர்களுக்காக ஜெபம்பண்ணிக்கொண்டிருப்போம்? இன்னொரு காரியமும் சொல்லட்டுமா? அந்த இசையின் வேர்களில் ஒன்று நம்மைப் போலவே கைதட்டி, தம்புரு அடித்து ஆராதிக்கிற பெந்தெகொஸ்தே சபையில்தான் இருக்கிறது. ஆச்சரியமாயிருக்கிறதா? மேலே வாசியுங்கள்.

1. யாரோ ஒருவர் சொன்னார்

உங்களுக்கு உயிரான ஒரு பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதை முதன்முதல் உங்களுக்குக் கேட்கக் கொடுத்தது யார்? அநேகமாய் ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். அண்ணனோ, பக்கத்து வீட்டு அக்காவோ, கூடப் படித்த சிநேகிதனோ, "இதைக் கொஞ்சம் கேட்டுப் பாரேன்" என்று சொல்லியிருப்பார்கள்.

தாவீது அரண்மனைக்குள் எப்படிப் போனான்? 1 சாமுவேல் 16-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். சவுல் ராஜா கலங்கித் தவிக்கிறான். சுரமண்டலம் வாசிக்க ஆள் வேண்டும். தாவீது வேலைக்கு மனு எழுதிப் போடவில்லை. அவன் பாட்டுக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறான். ராஜாவின் வேலைக்காரரில் ஒருவன்தான், பெத்லெகேமிலே ஈசாயின் மகன் ஒருத்தனைத் தான் பார்த்திருப்பதாகவும் அவன் நன்றாய் வாசிப்பதாகவும் சொல்லுகிறான். அந்த வேலைக்காரன் பேர்கூட வேதத்தில் இல்லை. ஆனால் அவன் சொன்ன வார்த்தைதான் கதவைத் திறந்தது!

அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது. 1915-ல் ஆர்க்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் ஒரு கறுப்பினப் பெண் குழந்தை பிறந்தது. தாயார் கேட்டி பெல் நியூபின், 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' என்ற பெந்தெகொஸ்தே சபையின் சுவிசேஷகி. பாடுவார், மாண்டலினும் வாசிப்பார். அம்மா பிரசங்கம்பண்ணப் போகிற இடமெல்லாம் மகளும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த மகள்தான் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். சபை மேடையில் கற்ற அந்தக் கிட்டார் வாசிப்போடு 1938-ல் நியூயார்க்கில் டெக்கா கம்பெனிக்கு முதல் இசைத்தட்டுகளைப் பாடிக் கொடுத்தார். 1944-ல் பதிவு செய்த ஒரு பக்திப் பாடல் அடுத்த வருஷம் கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் 2-ம் இடம் வரைக்கும் ஏறியது. ராக் அண்ட் ரோல் என்ற பேர் பரவும் முன்னமே வந்த ராக் இசைத்தட்டு அதுதான் என்று சொல்லுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு.

1947-ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகர அரங்கத்தில் ரோசெட்டாவின் கச்சேரி. அதே அரங்கத்தில் 14 வயதுப் பையன் ஒருத்தன் கொக்ககோலா விற்றுக்கொண்டிருந்தான். பெரிய குடும்பம், கையில் காசில்லை. கச்சேரிக்கு முன்னே அவன் ரோசெட்டாவின் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்க, அது அவர் காதில் விழுந்தது. "போடா, போய் வேலையைப் பாரு" என்றா சொன்னார்? இல்லை! மேடைக்கே கூப்பிட்டுப் பாடவைத்தார். கையில் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகம் 'லிட்டில் ரிச்சர்ட்' என்று அழைத்த ரிச்சர்ட் பென்னிமன். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவர் பதிவு செய்த ஒரே பாட்டு, வெள்ளைக்கார வாலிபரையும் கறுப்பு வாலிபரையும் ஒரே வானொலிப் பெட்டிக்கு முன் உட்காரவைத்தது.

இன்னொரு இரவைப் பாருங்கள். 1954 ஜூலை, மெம்பிஸ் நகரம். டூயி பிலிப்ஸ் என்ற வானொலி அறிவிப்பாளர் ஊருக்கு அறிமுகமில்லாத 19 வயது வாலிபனின் முதல் இசைத்தட்டைப் போட்டார். நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அறிவிப்பாளர் அதையே திரும்பத் திரும்பப் போட்டார். பாடின பையனோ கூச்சத்தினால் சினிமாக் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டான்! பெற்றோர் தேடிப்போய் இருட்டுக்குள் கண்டுபிடித்து நிலையத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவன்தான் எல்விஸ் பிரெஸ்லி. அவன் போய்வந்ததும் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபைக்குத்தான்.

"அது வானொலிக் காலம் பாஸ்டர், இப்போ எல்லாமே இன்டர்நெட்" என்பீர்கள். சரி. ஆர்னெல் பினேடா என்ற பிலிப்பைன்ஸ் தேசத்துப் பாடகர் இளவயதில் தாயை இழந்து, மணிலாவின் பூங்காவில் படுத்துறங்கி, பழைய பாட்டிலும் காகிதமும் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர். பிறகு ஹோட்டல்களிலும் விடுதிகளிலும் பாடினார். அவர் பாடினதை ஒரு சிநேகிதர் படம் பிடித்து யூடியூபில் போட்டுவைத்தார். 2007-ல் அமெரிக்காவின் 'ஜர்னி' என்ற பிரபல ராக் குழுவின் கிட்டார் கலைஞர் நீல் ஷோன், புதுப் பாடகரைத் தேடுகையில் அதைப் பார்த்தார். கடிதம் வந்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று ஆர்னெல் முதலில் நம்பவே இல்லை. 2008-ல் சிலி தேசத்தில் அந்தக் குழுவின் முன்னணிப் பாடகராய் மேடையில் நின்றார். கருவி மாறிவிட்டது, பிரியமானவர்களே. ஆனால் அங்கேயும் ஒரு சிநேகிதன் வேண்டியிருந்ததே!

2. கூலிக்குச் சொன்ன சாட்சி

எங்கே நல்ல சாட்சி இருக்கிறதோ அங்கே கள்ளச் சாட்சியும் நுழையும். 1950-களில் வானொலி அறிவிப்பாளர் ஒரு தட்டைப் போட்டால் அது விற்கும் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. உடனே என்ன செய்தார்கள்? உறைக்குள் பணத்தை வைத்து நீட்டினார்கள். "இந்தப் பாட்டு எனக்குப் பிடிச்சிருக்கு, நீங்களும் கேளுங்க" என்ற குரலுக்குப் பின்னாலே கூலி இருந்தது. அதற்குப் 'பயோலா' என்றே ஒரு பேர் உண்டானது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. வாங்கின பணத்தை வெளியே சொல்லாமல் பாட்டுப் போடுவது குற்றம் என்று 1960-ல் சட்டம் வந்தது. ராக் அண்ட் ரோல் என்ற பேரை நாடெங்கும் பரப்பின ஆலன் ஃப்ரீட் என்ற அறிவிப்பாளர், 1962-ல் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். வேலையும் போச்சு, பேரும் போச்சு. 1965-ல் 43 வயதிலேயே மரித்தார்.

இன்றைக்கு ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள் குவிந்திருக்கின்றன. எந்த மனுஷனால் அத்தனையும் கேட்டுத் தேர்ந்தெடுக்க முடியும்? ஆகவே இயந்திரம் நம் ருசியைக் கணக்குப் பார்த்து அடுத்த பாட்டை எடுத்துத் தருகிறது. நேற்று கேட்டதைப் போலவே இன்றும், இன்று கேட்டதைப் போலவே நாளையும். வருஷத்தில் 1000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் அந்தச் சேவையில் பங்குப்பணம் கிடையாது. ஒரு பாட்டை உருவாக்கி, 900 பேர் கேட்டும், கையில் ஒரு பைசா வராத பாடகர்கள் உண்டு.

இதைச் சொல்லுவது எதற்காக? நீங்கள் ஒன்றை மற்றவருக்குச் சிபாரிசு செய்யும்போது, உங்கள் இருதயம் அதைக் கண்டு சொல்லுகிறதா, இல்லை கூலிக்குச் சொல்லுகிறதா? சமாரியா ஸ்திரீ குடத்தைக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாளே, யார் கூலி கொடுத்தார்கள்? யோவான் 4-ம் அதிகாரம் முடிவில் அந்த ஊரார், அவள் சொன்னதைக் கேட்டு வந்தோம், இப்போது நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்கிற பொருளில் பேசுகிறார்கள். நல்ல சாட்சியின் அடையாளமே அதுதான். கேட்கிறவரை உரியவரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு, தான் ஒதுங்கி நிற்கும்.

3. மேடைக்கு வெளியே 22 மணி நேரம்

வாலிபத் தம்பிகளே, இப்போது உங்களிடத்தில் வருகிறேன். மேடையில் வெளிச்சம் விழுகிற அந்த 2 மணி நேரத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். மீதி 22 மணி நேரத்தை யார் பார்க்கிறார்கள்?

ரோசெட்டா தார்ப் கச்சேரிக்குப் போன தென் மாநிலங்களில் கறுப்பினத்தாருக்கு நல்ல ஹோட்டலில் அறை கிடையாது. ஆயிரம் பேர் கைதட்டின அதே ஊரில் படுக்க இடமில்லை. பஸ்ஸிலேயே படுத்துத் தூங்கினார். உலகமே அறிந்த பீட்டில்ஸ் குழுவைப் பாருங்கள். 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர்களுக்குக் கிடைத்த தங்குமிடம், ஒரு சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால் கழிவறையை ஒட்டின ஜன்னலில்லாத அறை. இரவுக்கு நாலரை மணி நேரம், வாரக் கடைசியில் 6 மணி நேரம் வாசிக்கவேண்டும். அப்படி வருஷக்கணக்காய் உழைத்து 1962 ஜனவரி 1-ந் தேதி லண்டனில் ஒரு பெரிய கம்பெனியில் பாடிக்காட்டினார்கள். என்ன பதில்? வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்!

பணமாவது வருமா? கம்பெனி முன்பணம் என்று கொடுக்கிறதே, அது பரிசு அல்ல. ஒலிப்பதிவுச் செலவையும் சேர்த்து, பாடகருக்கு வரவேண்டிய பங்கிலிருந்து அதைக் கழித்துக்கொண்ட பிறகுதான் அவர் கண்ணில் காசு படும். மேலாளருக்கு ஒரு பங்கு, கச்சேரி ஏற்பாடு செய்கிறவருக்கு ஒரு பங்கு, வண்டி வாடகை, கூட வாசிக்கிறவர் சம்பளம். சிறிய குழுக்களெல்லாம் கச்சேரி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு பனியனும் இசைத்தட்டும் விற்று, அந்தக் காசில் அடுத்த ஊருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறார்கள். காதும் போகிறது. ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன், இனியும் பாடினால் முழுச் செவிடாகிவிடலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016-ல் பயணத்தைப் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று.

இதெல்லாம் சரீரப்பாடு. ஆத்துமாவின் பாடு வேறே. லிட்டில் ரிச்சர்ட் 1957-ல் புகழின் உச்சியில், ஆஸ்திரேலியாப் பயணத்தின் நடுவிலே, "போதும், நான் ஆண்டவருக்கு ஊழியம் செய்யப்போகிறேன்" என்று எல்லாவற்றையும் விட்டார். ரஷ்யா முதல் செயற்கைக்கோளை அனுப்பின நாட்கள் அவை. வானத்தில் கண்ட வெளிச்சத்தைத் தமக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். அலபாமாவில் ஒரு வேதக் கல்லூரியில் போய் உட்கார்ந்து படித்தார். ஆனால் 1962-ல் மறுபடியும் மேடை. பிறகு போதைப்பழக்கம். தம்பியின் திடீர் மரணம். 1977-ல் மறுபடியும் மேடையை விட்டுப் பிரசங்கம். 1980-களில் மறுபடியும் பாட்டு. 2020 மே 9-ந் தேதி 87-ம் வயதில் மரித்தார். அந்த வேதக் கல்லூரியின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம்பண்ணினார்கள்.

இதை வாசித்ததும் "பாருங்க, ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே" என்று விரல் நீட்டத் தோன்றும். நான் வேறொன்று கேட்கிறேன். அறுபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் களைத்த அந்த மனுஷனிடத்தில், "தம்பி, பாட்டு இருக்கட்டும். நீ சாப்பிட்டியா? உன் உள்ளத்திலே என்ன?" என்று கேட்க எத்தனை பேர் இருந்தார்கள்? ரசிகருக்கு ஆட்டம் வேண்டும். கம்பெனிக்கு விற்பனை வேண்டும். சபைக்கு நல்ல சாட்சி ஒன்று வேண்டும். எல்லாரும் அவரிடத்தில் எதையோ வாங்கத்தான் வந்தார்கள்.

எல்விஸ் கதையும் அதுவே. அவருக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. மூன்றும் எதற்கு தெரியுமா? மூன்றுமே பக்திப் பாடல்களுக்கு! லாஸ் வேகாஸ் நகரில் 600-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தவர், கச்சேரி முடிந்தபின் கூட இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு விடியவிடியச் சிறுவயதுச் சபைப் பாட்டுகளைப் பாடுவாராம். மாத்திரைகளோ அவரை விடவில்லை. 1977 ஆகஸ்ட் 16-ல் 42 வயதில் விழுந்துபோனார். விடியுமட்டும் அந்தப் பாட்டைத் தேடின இருதயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

4. கல் இல்லாத கல்லறை

ரோசெட்டாவுக்கு என்ன ஆயிற்று? இரவு விடுதிகளில் பாடப்போனதினால் சபையார் அநேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலம் மாறினதும் உலகமும் வேறு பாட்டுக்காரரிடம் போய்விட்டது. 1964-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பயன்படாத ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடையில், மழை ஈரத்தில், கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடினார். எதிர் நடைமேடையில் வாலிபர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். தொலைக்காட்சிக்காரர் அதைப் படம் பிடித்தார்கள். 1970-ல் பக்கவாதம். சர்க்கரை வியாதியினால் ஒரு காலை எடுக்கவேண்டியதாயிற்று. 1973 அக்டோபரில் ஃபிலடெல்பியாவில் கண்ணை மூடினார்.

அவருடைய கல்லறையில் பேர் எழுதின ஒரு கல்கூட இல்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல; வெகு வருஷங்களாய்! கையெடுத்துக் கும்பிடும் அளவுக்குக் கைதட்டின ஜனம் எங்கே போச்சு? ஆராதனையில் அவர் கிட்டாரைக் கேட்டு ஆனந்தக் களிப்பானவர்கள் எங்கே?

ஆனாலும் சாட்சி சும்மா இருக்கவில்லை. ஆர்க்கன்சாவின் பருத்திக் காட்டில் வளர்ந்த ஜானி கேஷ், 1992-ல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் தமக்குக் கௌரவம் கிடைத்த நாளில் ரோசெட்டாவின் பேரை நன்றியோடு சொன்னார். 2007-ல் கெயில் வால்ட் என்ற பேராசிரியை அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அடுத்த வருஷம் சிலர் ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். அதன் பிறகு கல்லறைக்குக் கல் வந்தது. மான்செஸ்டர் ரயில் நிலையத்துப் படம் இணையத்தில் கைமாறிக் கைமாறிப் போய், அவர் மரித்த பின் பிறந்த பிள்ளைகளெல்லாம் "யாரு இந்த அம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2018-ல் அதே புகழ்மண்டபத்தில் அவர் பேரும் சேர்ந்தது. ஒருவர் ஒருவருக்குச் சொன்னதினால்தான் இதுவும் நடந்தது.

நல்லதுதான். ஆனால் கல் வைத்தபோது அவர் அதைக் காண உயிரோடு இல்லையே, பிரியமானவர்களே!

நாம் செய்யவேண்டியது என்ன?

பெற்றோரே, உங்கள் மகன் கிட்டாரை எடுத்தால் அவன் கெட்டுப்போனான் என்று முடிவுகட்டாதேயுங்கள். "என்னடா கேட்கிறே? எனக்கும் ஒரு காதைக் கொடு" என்று பக்கத்தில் உட்காருங்கள். யார் அவனுக்கு அந்தப் பாட்டைக் காட்டினது, அதில் அவனுக்கு என்ன பிடித்தது என்று கேளுங்கள். நீங்கள் அவனோடு உட்காராவிட்டால் அந்த இடத்தில் உட்கார இயந்திரம் ஒன்று காத்திருக்கிறது.

வாலிபரே, உங்களுக்குப் பிடித்த பாடகரை அப்பமாய்த் தின்றுவிட்டுப் போய்விடாதேயுங்கள். அவரும் மனுஷன். காசு கொடுத்துக் கேளுங்கள், பேரைச் சொல்லிப் பரப்புங்கள், அவருக்காக ஜெபியுங்கள். இசையே உங்கள் தொழிலாகிறதென்றால், மேடைக்கு வெளியே உள்ள 22 மணி நேரத்தில் உங்களை நடத்தப்போகிறவர் யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சபையாரே, ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிக்கிற தம்பியை, ட்ரம்ஸ் அடிக்கிற பிள்ளையை நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். அவன் வாசிப்பு தெரியும். அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று தெரியுமா? ஆராதனை முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு கடைசியாய் வெளியே போகிறவன் அவன்தான். இந்த ஞாயிறு அவனுக்காகக் காத்திருங்கள். "வாப்பா, வீட்டில் சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று கூப்பிடுங்கள். சவுலுக்குத் தாவீதின் சுரமண்டலம் தேவைப்பட்டது. அவனுடைய ஆத்துமாவைச் சிநேகித்தவனோ யோனத்தான். நம் சபைக்குச் சவுல்கள் போதும்; யோனத்தான்கள் எழும்பவேண்டும்.

ஜெபிப்போமாக. அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் காதுகளுக்கு நீர் தந்த எல்லா நல்ல ஓசைக்காகவும் ஸ்தோத்திரம். எங்களை மகிழ்வித்துவிட்டுத் தனிமையில் வாடுகிற பாடகர்களை நினைத்தருளும். அவர்களின் குரலைக் கேட்கிற நாங்கள் அவர்களின் முகத்தையும் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். உயிரோடிருக்கும்போதே ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. அல்லேலூயா!